ஊவா மலைநாட்டில் ஏழையின் வழக்கு

பதுளை நகரில் பழைய கற்றூண் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தூணின் பக்கங்களில் சிங்கள எழுத்துக்கள் நெருங்கப் பொறிக்கப்பட்டுள்ளன. மகியங்கனைக்கு அண்மையில், சொரபொரக் குளத்தின் அருகே கிடந்த தூண் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. உதயன் என்னும் மன்னன் மகியங்கனை விகாரைக்கு வந்திருந்த காலத்தில், ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும் அவன் முன் சென்று முறையிட்டனர். முன்னைய விதிகளை மீறி அதிகாரிகள் முறையற்ற இறை தண்டுகின்றனர் என்பதே அவர்களுடைய முறையீடு. மன்னன் அதனைச் செவிமடுத்தான், விதிகளை வகுத்தான், அவற்றைக் கல்லிற் பொறித்துச் சந்தையில் நிறுத்தச் செய்தான்.

அந்தக் குடிகளுக்கும் மன்னனுக்கும் இடையில் வழக்கறிஞர் எவரும் நின்றதாகக் கல்வெட்டுக் கூறவில்லை. மன்னன் அவர்கள் ஊருக்கு அருகே வந்தான். அவர்கள் பேசிய மொழி அவனுக்கு விளங்கிற்று. அவன் தந்த தீர்ப்பும் அதே மொழியிற் கல்லில் ஏறிற்று. அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன், நீதி வேண்டுவோர் இழுத்து ஒலிப்பதற்காக ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்று மகாவமிசம் கூறுகிறது. மணியை எங்கே கட்டினாலும், அதன் கயிறு ஏழையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கினால்தான் மணி ஒலிக்கும். ஊவா மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நோக்கினால், சட்டங்களுக்குக் குறைவிருந்ததாகத் தோன்றாது. அவற்றின் கயிறு எட்டாத உயரத்தில் இருந்தது என்பதும், அதனைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கியவர் பலர் என்பதும் புலனாகும்.

1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது; பதுளை அதன் தலைநகராயிற்று. கோப்பிச் செடிகள் நோயுற்று அழிந்த பின்னர் ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, நமுனுகுலை, மடுல்சீமை முதலிய மலைச்சாரல்களைத் தேயிலை மூடிற்று. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் லயங்களில் குடியேறினர். பதுளைக்கு இரயில் வந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் நகரத்து நீதிமன்றத்தை அடைய வேண்டுமாயின், பெரும்பாலோர்க்குக் காலே துணை.

அம்மக்களை நீதிமன்றம் முதலிற் சந்தித்தது எவ்வாறு? முறையிடுவோராக அன்று, குற்றஞ் சாட்டப்பட்டோராகவே சந்தித்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தங்களைப் பற்றியது. வேலைக்கு வர மறுத்தல், கீழ்ப்படியாமை, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போதல் ஆகியவை அச்சட்டப்படி குற்றங்கள். மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம், தண்டப்பணம் அறவிடலாம், வரவேண்டிய சம்பளமும் பறிபோகலாம். இருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒருவர் முறித்தால் மற்றவர் நட்டஈடு கேட்பது உலக வழக்கு. இங்கோ தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்தால் சிறை காத்திருந்தது.

இதனோடு 'துண்டு' என்னும் முறையும் சேர்ந்துகொண்டது. கங்காணியும் அவனுடைய ஆட்களும் பட்ட கடனை இன்னதென்று குறித்து, அதனைச் செலுத்துவோரிடம் அவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அச்சீட்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுவது அரிது. எழுத்தறியாத ஒருவனுடைய வாழ்வு முழுவதும் அவனால் வாசிக்க இயலாத ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிக் கிடந்தது. காகிதத்தின் ஆட்சி அங்கே தொடங்கிற்று. பிற்காலத்தில் அது வேறு வேறு உருவங்களில் தொடர்ந்தது.

நீதிமன்றத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். முறைப்பாட்டுக்காரர் ஆங்கிலம் பேசுபவர். நீதவான் ஆங்கிலத்தில் எழுதுபவர். கூண்டில் நிற்பவன் தமிழ் மட்டுமே அறிந்தவன். இடையில் நிற்பவர் மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவரே. பிரக்கிராசி ஒருவரை அமர்த்தலாம் என்றால், அன்றாடங் கூலியில் அதற்கு மிச்சமேது? தன் பக்கத்தைக் கூறவும் சாட்சி அழைக்கவும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்லலாம். ஆயினும் சாட்சி சொல்ல வரவேண்டியவனும் அதே துரையின் கீழ் வேலை செய்பவன். நீதிமன்றத்துக்கு வந்த நாளில் செக்ரோலில் அவனுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

ஏழைகளை முற்றாகச் சட்டம் மறந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வறியவர் முத்திரைச் செலவின்றி வழக்குத் தொடர இடமளித்தது. கொலை போன்ற பெருங்குற்றங்களில் அப்புக்காத்தை அமர்த்த வழியில்லாத எதிரிக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் தொழிலாளியின் துன்பங்கள் கொலை வழக்குகளாக வருவது அரிது. பிடித்துக்கொண்ட சம்பளம், வெட்டப்பட்ட பேர், விட்டுச் சென்ற கணவன், பதியப்படாத குழந்தையின் பிறப்பு ஆகியவையே அவனையும் அவளையும் வாட்டின. வறியவர் என்ற சலுகையைப் பெறவும் விண்ணப்பம் எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் வேண்டும். அந்த இடத்தை நகரங்களில் நிரப்பியவர் நீதிமன்ற வாசலில் அமர்ந்திருந்த பெட்டிசம் எழுதுவோர். சிறு தொகைக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த மனுவே பலருக்குச் சட்டத்தின் முதற் குரலாயிற்று. மனு எழுதுபவர் கூடவந்து வாதாட மாட்டார். மனு பிழைத்தால் பொறுப்பும் ஏற்க மாட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தில் மாற்றம் தலைகாட்டிற்று. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்த தொழிலாளியைச் சிறையிடும் வழக்கமும் நீங்கிற்று. 1922ஆம் ஆண்டில் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியதை அடுத்து, இந்திய அரசாங்கத்தின் ஏசெண்டு ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களைப் பார்வையிடுவதும் தொழிலாளரின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதுவதும் அவருடைய பணிகளில் அடங்கும். ஊவாவிலிருந்து கண்டி நெடுந்தொலைவு. எனினும் துரையின் கையில் அகப்படாத ஓர் அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம் என்ற எண்ணமே புதியது.

அந்த எண்ணத்தைத் தமிழில் வளர்த்தவர் கோதண்டராம நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த அவர் 'தேசபக்தன்' இதழை நடத்தினார். 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். பின்னர் அரசாங்க சபையிலும் அவர்களுக்காகப் பேசினார். தொழிலாளிக்கு உரிய சட்டங்கள் இவையென்று தொழிலாளியின் மொழியிலேயே எழுதியதும் பேசியதும் அவருடைய தொண்டுகளுள் முதன்மையானவை. உரிமையை அறியாதவனுக்கு வழக்கறிஞரைக் கொடுத்தாலும் என்ன கேட்பது என்று தெரியாதன்றோ?

1935ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானபோது, அதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தோட்டத்துக் கைம்பெண் ஒருத்தியின் பக்கம் நாட்டின் தலைசிறந்த அப்புக்காத்துக்களில் ஒருவர் எழுந்து நின்ற காட்சி மலைநாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டிற்று. பதுளைக்கு அருகிலுள்ள வெவஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதாகத் துரையும் இசைந்தார். இரண்டு தலைமுறைகளுக்கு முன் வேலைக்கு வரவில்லை என்று சிறை சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், நிபந்தனை பேசும் நிலைக்கு உயர்ந்தனர்.

ஆயினும் உதவி செய்ய வருபவரே தோட்டத்துக்குள் நுழைய இயலாத தடை ஒன்று நெடுங்காலம் நீடித்தது. தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி வருபவர் அத்துமீறியவர். வேலை நீக்கப்பட்ட தொழிலாளி தன் லயத்து அறையிலேயே தங்கியிருந்தால் அவன் மீதும் அத்துமீறல் வழக்கு வரும். தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளி ஒருவரின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி ஓரிடத்தில் நுழைபவரின் செயல், பிறருக்குத் தொல்லை தரும் என்று அவர் அறிந்திருந்த காரணத்தினால் மட்டும் குற்றமாகிவிடாது என்று 1950ஆம் ஆண்டில் அம்மன்றம் விளக்கிற்று. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் செல்லும் உரிமையைப் பாராளுமன்றம் தனிச்சட்டத்தினால் வழங்கியதோ 1970ஆம் ஆண்டில்தான்.

இதற்கிடையில் காகிதத்தின் ஆட்சி மிகக் கடுமையான உருவில் மீண்டும் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டப்படி விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று வழி காட்டப்பட்டது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதிக்குள் மனு அனுப்ப வேண்டும். பிறப்பைப் பதியாதவர், கலியாணத்தைக் கோயிலோடு முடித்தவர், தோட்டம் தோட்டமாகப் பெயர்ந்தவர் ஆகியோர் சான்றுக்கு எங்கே போவர்? இலங்கை இந்திய காங்கிரஸ் முதலிற் சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் மனம் மாறி மனு எழுதுவிக்கும் பணியில் இறங்கிற்று. ஏறத்தாழ 8,24,000 பேருக்காக 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. 1960களின் முற்பகுதி வரை நடந்த விசாரணைகளில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. ஒரு தேதி பொருந்தாமையும், ஓர் ஊர்ப்பயணமும், பெயரில் ஓர் எழுத்து மாறியமையும் ஒரு குடும்பத்தின் நாட்டைத் தீர்மானித்தன. சட்டம் அறிந்தவரின் துணை எத்துணை அவசியம் என்பதை இதனைவிட வேறெதுவும் மலையக மக்களுக்கு உணர்த்தவில்லை. நாடற்றவர் என்ற நிலை முற்றாகத் தீர 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

வழக்கறிஞர் இல்லாதவருக்குக் கதவைத் திறந்த சட்டங்களுள் தலையாயது 1957ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குத் திருத்தச் சட்டம். அதன்படி தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. வேலை நீக்கப்பட்டவர் தாமாகவோ தம் சங்கத்தின் வாயிலாகவோ அங்கே விண்ணப்பிக்கலாம். சான்றுச் சட்டத்தின் நுட்பங்கள் அச்சபையைக் கட்டா. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீதியும் நேர்மையும் எதுவெனத் தோன்றுகிறதோ அதனைக் கட்டளையிடலாம். மீண்டும் வேலை கொடுக்கும்படியும், அல்லது நட்டஈடு செலுத்தும்படியும் பணிக்கலாம். சட்டப் பட்டம் பெறாத சங்கப் பிரதிநிதியும் அங்கே எழுந்து பேசலாம். நேற்றுவரை கொழுந்து நிறுப்பதில் தகராறு பேசிய தோட்டத் தலைவர் கொண்டுவந்த குறிப்புக்களை வைத்துக்கொண்டு, மாவட்டப் பிரதிநிதி துரையைக் குறுக்கு விசாரணை செய்தார். பதுளையிலும் இவ்வாறு ஒரு சபை அமர்ந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவுகூர்வோர்க்கு இதன் பெருமை விளங்கும்: அன்று வேலையை விட்டவன் நீதிமன்றத்தில் பதில் சொன்னான்; இப்போது வேலையை விட்டு நீக்கியவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் கதவும் ஒருமுறை மூட இருந்தது. நியாய சபைத் தலைவர்கள் நீதிபதிகளின் அதிகாரத்தைச் செலுத்துகின்றனர். ஆனால் நீதிச்சேவை ஆணைக்குழுவினால் நியமிக்கப்பட்டவரல்லர். எனவே அவர்களுடைய கட்டளைகள் செல்லா என்று 1966ஆம் ஆண்டில் வோக்கர் கம்பனி வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நாடெங்கும் தொழிலாளர் திகைத்தனர். மறு ஆண்டிலே, பொறியியல் தொழிலாளர் சங்கம் ஒன்று கொண்டுசென்ற வழக்கில் பிரிவிக் கவுன்சில் பெரும்பான்மைத் தீர்ப்பினால் அக்கருத்தை மாற்றிற்று, சபைகள் நிலைத்தன.

எனினும் சங்கத்தின் துணைக்கு ஓர் எல்லை உண்டு. அது சந்தா செலுத்தும் அங்கத்தவர்க்கு உரிய துணை. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள வழக்கில் அது வலிமை மிக்கது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலுள்ள வழக்கில் என் செய்யும்? இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே சங்கத்தில், ஒரே தலைவரின் கீழ் இருப்பவர்கள். பிள்ளைகளோடு கைவிடப்பட்ட பெண் தாபரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றத்தை நாடலாம் என்று 1889ஆம் ஆண்டிலேயே சட்டம் கூறிற்று. ஆனால் அவளுக்கு வழி சொல்பவர் யார்? சமாதானமாகப் போ என்று கூறி அனுப்புவதற்கே பலர் இருந்தனர். 1958ஆம் ஆண்டில் ஏற்பட்ட இணக்க சபைகளிலும், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட மத்தியஸ்த சபைகளிலும் வழக்கறிஞருக்கே இடமில்லை. சிறு பிணக்குகளைச் செலவின்றித் தீர்க்க அது நல்ல ஏற்பாடு. ஒரு பக்கத்தில் வலியவரும் மறுபக்கத்தில் எளியவளும் இருக்கையில், இணக்கம் என்பது எளியவள் விட்டுக்கொடுப்பதாக முடியவும் கூடும்.

இந்தக் குறையை உலகின் பிற நாடுகளும் உணர்ந்தன. பிரித்தானியாவில் 1949ஆம் ஆண்டில் சட்ட உதவிச் சட்டம் நிறைவேறிற்று. அமெரிக்காவில் கிடியன் என்னும் ஏழைச் சிறையாளி, வழக்கறிஞரின்றித் தான் தண்டிக்கப்பட்டதை எதிர்த்துச் சிறையிலிருந்தே பென்சிலால் மனு எழுதினான். பாரிய குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1963ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இந்தியா 1976ஆம் ஆண்டில் இலவச சட்ட உதவியை அரசியலமைப்பின் நெறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. வருமானம் குறைந்தவர்க்கு ஆலோசனை கூறுவதும், நீதிமன்றத்தில் சட்டத்தரணியைக் கொண்டு தோன்றுவிப்பதும் அதன் கடமை. பதுளை உட்படப் பல நகரங்களில் அதன் நிலையங்கள் உள்ளன. அங்கே செல்பவரிடம் எந்தச் சங்கம் என்று கேட்பதில்லை. வருமானம் எவ்வளவு, வழக்கு யாது என்றே கேட்பர். தாபரிப்பு, விவாகரத்து, குடும்ப வன்முறை, பிறப்புச் சான்று, நட்டஈடு எனச் சங்கத்தின் கைக்கு எட்டாத வழக்குகளுக்கு இங்கே இடமுண்டு. 1999ஆம் ஆண்டின் புதிய தாபரிப்புச் சட்டம், கட்டளையை மீறுபவரின் சம்பளத்திலிருந்தே தொகையைப் பிடித்துக் கொடுக்கவும் வழி செய்தது. கணவனின் கூலி செக்ரோலில் எழுதப்படும் தோட்டத்தில், இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று.

மொழியின் தடையும் சிறிது தளர்ந்தது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தப்படி, வழக்காளி சிங்களத்திலோ தமிழிலோ வழக்கை நடத்தலாம். வேண்டிய மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமையுண்டு. ஊவா நீதிமன்றங்களில் ஏடுகள் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. தமிழ் மட்டும் அறிந்தவர் மொழிபெயர்ப்பைத் தம் உரிமையாகவே கேட்கலாம். 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளோ, அடிப்படை உரிமை மீறப்பட்ட வறியவர் எழுதும் கடிதத்தையும் மனுவாக ஏற்க இடமளிக்கின்றன. மகியங்கனையில் மன்னன் முன் நின்று பேசிய குடிகளுக்கும், கொழும்புக்குக் கடிதம் எழுதும் தோட்டத்துப் பெண்ணுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. இருவரும் கேட்பது ஒன்றே: எங்கள் சொல்லைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதே அது.

எஞ்சியுள்ளதும் சிறிதன்று. மடுல்சீமையிலிருந்தோ கொஸ்லந்தையிலிருந்தோ பதுளைக்கு வருபவர்க்கு இன்றும் ஒரு நாட்சம்பளம் போகிறது. வழக்குத் தவணை போடப்பட்டால் மறுமுறையும் போகிறது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை விழுங்கியது. அத்தகைய நாளில் உயிர் தப்பியவர்க்கு உணவும் உடையும் போலவே பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர், இழந்தது தம் வீடு என்று எதனைக் காட்டி நிறுவுவர்?

இந்த வரலாறு தரும் பாடம் எளியது. சிறைத் தண்டனையை நீக்கவும், நியாய சபையை நிறுவவும், தாபரிப்பை உறுதி செய்யவும் சட்டங்கள் வேண்டியிருந்தன, வந்தன. அவை ஒவ்வொன்றும் உயிர் பெற்றது, மனுவை எழுதிக் கொடுத்த ஒருவராலும், மொழியை விளக்கிய ஒருவராலும், கூடவந்து நின்ற ஒருவராலுமே. ஆகவே வழக்குடைய ஏழைக்கு உதவ விரும்புவோர் செய்யத்தக்க முதற் பணி பெரிதன்று. பதுளை நீதிமன்றத்துக்கு வருபவருக்கு, சட்ட உதவி நிலையம் எங்கே இருக்கிறது, வேலை நீக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறலாம் என்ற மூன்று செய்திகளை அவர் மொழியில் சொல்லிவிடுவதே அப்பணி. பத்தாம் நூற்றாண்டு மன்னன் தன் தீர்ப்பை மக்கள் கூடும் சந்தையில் நிறுத்தியதும் அதற்காகவே.